ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய கலைக் கண்ணாடிக்கு ஓர் எளிய அறிமுகம்

தேவகோட்டையில் எங்கள் பெரியம்மா வீட்டு அலமாரியில் ஒரு கண்ணாடி ஜக்கும் ஐந்து தம்ளர்களும் இருக்கின்றன. செண்டுப்பூ நிறம். காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் செம்மஞ்சளுக்கு மேலே பச்சை, ஊதா, ரோஜா என்று மயில் கழுத்துபோல ஒரு மினுமினுப்பு ஓடும். ஆறாவது தம்ளர் எந்தக் கல்யாணத்தில் உடைந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: “அது பெல்ஜியம் கண்ணாடி, தொடக் கூடாது.”

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அலமாரியைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஒரு தம்ளரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தேன். அடிப்பகுதியில் நான்கு ஆங்கில எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டன. அவை பெல்ஜியத்தைச் சொல்லவில்லை. என்ன சொல்லின என்பதற்குப் பிறகு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள, கண்ணாடி எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கண்ணாடியைப் பற்றி நம்மிடையே நான்கு நம்பிக்கைகள் உலவுகின்றன. குமிழ் இருந்தால் பழசு. கனமாக இருந்தால் பெல்ஜியம். தட்டினால் மணிபோல ஒலித்தால் கிரிஸ்டல். அடியில் பெயர் இருந்தால் அசல். நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் எதையும் தனியாக நம்பிப் பணம் கொடுக்க முடியாது. பொருள் எந்த ஊர், எந்தக் காலம் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? அதற்கான பதில் எப்போதும் பொருளிலேயே இருக்கும், பெரும்பாலும் அதன் அடியில்.

இங்கே ‘கலைக் கண்ணாடி’ என்று நான் சொல்வது, பயன்பாட்டைவிட அழகுக்காகவே செய்யப்பட்ட பூச்சாடி, கிண்ணம், விளக்கு, தட்டு போன்றவற்றை. அதிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1930கள் வரையான பொருட்களையே எடுத்துக்கொள்கிறேன். சந்தையில் நம் கைக்கு வருபவையும், அதிகம் போலி செய்யப்படுபவையும் அந்தக் காலத்தவைதான்.

கற்கண்டும் கடலைமிட்டாயும்

கற்கண்டு சர்க்கரைதான். கடலைமிட்டாயில் கடலைகளுக்கு நடுவே பளபளவென்று நிற்கும் பாகும் சர்க்கரைப் பொருள்தான். ஆனால் கற்கண்டை உடைத்தால் பட்டை பட்டையாக, ஒரு ஒழுங்கோடு உடைகிறது. பாகு உடையும்போது சில்லு சில்லாக, வளைந்த விளிம்போடு, கையைக் கிழிக்கும் கூர்மையோடு உடைகிறது. காரணம் இதுதான். கற்கண்டில் மூலக்கூறுகள் மெதுவாக வரிசை கட்டி அமர்ந்திருக்கின்றன. பாகு சீக்கிரம் ஆறிவிடுவதால் அவற்றுக்கு வரிசை கட்ட நேரம் கிடைக்கவில்லை. திரவத்தில் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே உறைந்துவிட்டன.

கண்ணாடி என்பது மணலால் ஆன அந்தப் பாகு. மணலில் இருக்கும் சிலிக்காவை உருக்க ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய உலைகளுக்கு அது எட்டாத சூடு. அதனால் சோடா உப்பைச் சேர்த்து உருகும் வெப்பத்தைக் குறைத்தார்கள். சோடா மட்டும் சேர்த்தால் கண்ணாடி தண்ணீரில் கரைய ஆரம்பிக்கும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு. மணல், சோடா, சுண்ணாம்பு: நம் ஜன்னல், பாட்டில், தம்ளர் எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

அப்படியானால் ‘கிரிஸ்டல்’ என்பது என்ன? அறிவியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் படிகம், அதாவது கற்கண்டு மாதிரி வரிசை கட்டிய பொருள். கடையில் கிரிஸ்டல் என்று விற்கும் கண்ணாடி படிகமே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் நிறமே இல்லாத தெளிந்த கண்ணாடி ஒன்றைச் செய்தார்கள். இயற்கையில் கிடைக்கும் படிகக் கல்லைப்போல இருந்ததால் அதற்குக் ‘கிறிஸ்டல்லோ’ என்று பேர் வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் தெளிந்த கண்ணாடி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, சில வருஷத்தில் அதில் ஈய ஆக்சைடைக் கலந்தார். ஈயம் கலந்தால் கண்ணாடி கனக்கும், ஒளியை அதிகமாக வளைத்து வாரி இறைக்கும், சுண்டினால் நீண்ட நேரம் ஒலிக்கும். சரவிளக்குத் தொங்கல்கள் மின்னுவது அதனால்தான். ஆக, மணியோசை ஈயம் இருக்கலாம் என்று சொல்லும், வயதைச் சொல்லாது. நேற்றுச் செய்த ஈயக் கண்ணாடியும் அப்படித்தான் ஒலிக்கும். ஒரே கண்ணாடியானாலும் வாய் அகன்ற கிண்ணம் ஒலிப்பதுபோல வாய் குறுகிய குப்பி ஒலிக்காது.

இன்னொரு கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். கண்ணாடி ஒரு திரவம், நூறு இருநூறு வருஷத்தில் மெல்ல வழிந்து கீழே தடித்துவிடும் என்று படித்தவர்களே சொல்வார்கள். சாதாரண வெப்பத்தில் கண்ணாடி அப்படி வழிவதில்லை. பழைய ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றத்தாழ்வாக இருப்பதற்குக் காரணம், அவற்றை ஊதிச் சுழற்றிச் செய்தபோதே தடிமன் ஒரே சீராக வராததுதான். ஜாடியின் அடி தடித்திருந்தால், செய்தவர் அப்படிச் செய்திருக்கிறார் என்று மட்டும் பொருள்.

நிறம் எங்கிருந்து வருகிறது

கோலி சோடா பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பச்சைச் சாயல் தெரியும். யாரும் பச்சை சேர்க்கவில்லை. மணலில் இருந்த கொஞ்சூண்டு இரும்பு செய்த வேலை அது. கண்ணாடிக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் உலோகம்தான். கோபால்ட் ஆழ்ந்த நீலம் தரும். செம்பு, உலையின் காற்று எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து நீலப்பச்சையும் தரும், சிவப்பும் தரும். மாங்கனீசு ஊதா தரும். அதையே அளவாகச் சேர்த்தால் இரும்பின் பச்சையை அடித்து நிறமில்லாமல் ஆக்கிவிடும். அப்படிச் செய்த பழைய வெள்ளைக் கண்ணாடி பல வருஷம் வெயிலில் கிடந்தால் லேசாக ஊதா பாரிக்கும்.

செந்நிறத்தில் உயர்ந்தது தங்கத்தால் வருவது. அமிலத்தில் கரைத்த தங்கத்தை மிகச் சொற்ப அளவில் கலப்பார்கள். உருகி எடுக்கும்போது அந்தக் கண்ணாடியில் சிவப்பே இருக்காது. ஆறவிட்டு மறுபடி சூடு காட்டும்போதுதான் உள்ளே தங்கத் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் திரண்டு, மாதுளை நிறம் எழும். எனக்குத் தெரிந்து உலை வேலையில் இதைவிட அழகான கணம் வேறு இல்லை.

யுரேனியம் சேர்த்த கண்ணாடி பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. 1830களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) யோசப் ரீடல் இதைச் செய்து, மஞ்சள் வகைக்குத் தன் மனைவி அன்னாவின் பேரை வைத்தார். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் இந்தக் கண்ணாடி பளீரென்று பச்சையாக ஒளிரும். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கும் கையில் எடுப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை. சாப்பிடவும் குடிக்கவும் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஆனால் பச்சையாக ஒளிர்ந்தாலே பழசு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யுரேனியக் கண்ணாடியைப் பிற்காலத்திலும் செய்திருக்கிறார்கள். மாங்கனீசு உள்ள கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: கண்ணாடி என்பது வரிசை கட்டாமல் உறைந்த மணல் பாகு. ஈயம் கனத்தையும் ஒலியையும் தருகிறது, உலோகங்கள் நிறத்தைத் தருகின்றன. இவை எல்லாம் பொருள் எதனால் ஆனது என்று சொல்கின்றன. எப்போது, யாரால் என்று சொல்வதற்கு வேறு தடயங்கள் வேண்டும்.

தொப்புளும் கொலு பொம்மையின் விலாவும்

கண்ணாடியை ஊதிச் செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் தேன்போலச் சுற்றி எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார்கள். (அதே காலத்தை ஒட்டி நம் அரிக்கமேட்டிலும் கண்ணாடி வேலை நடந்தது. ஆனால் அங்கே ஊதவில்லை. கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீண்ட இழையாக இழுத்து, நறுக்கி மணி செய்தார்கள்.)

ஊதிய ஜாடியின் வாய், குழாயோடு ஒட்டியிருக்கும். அதை வெட்டி வாயைச் சீர்செய்ய வேண்டுமானால் ஜாடியை வேறு ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு இரும்புத் தண்டின் நுனியில் சிறு கண்ணாடிச் சொட்டை வைத்து ஜாடியின் அடியில் ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் தட்டினால் தண்டு கழன்றுவிடும். ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். இதற்கு ‘பாண்டில் தழும்பு’ என்று பேர். எனக்கு அதைக் கண்ணாடியின் தொப்புள் என்று சொல்லத்தான் தோன்றும். பிறந்தபோது எங்கே பிணைந்திருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். சில பொருட்களில் அது சொரசொரப்பாக அப்படியே இருக்கும். நல்ல பட்டறைப் பொருட்களில் அதைத் தேய்த்து, சிறு காசு அளவு வழவழப்பான குழியாக ஆக்கியிருப்பார்கள்.

இன்னொரு முறை அச்சு. கொலு பொம்மையை எடுத்து அதன் விலாப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. இரண்டும் சேரும் இடத்தில் வண்ணத்துக்கு அடியில் ஒரு மெல்லிய வரம்பு விரலில் படும். கண்ணாடியிலும் அதே கதைதான். அச்சுக்குள் வைத்து ஊதியிருந்தால், வெளியே இருக்கும் மேடு பள்ளம் உள்ளேயும் ஓரளவு தெரியும். விரலை உள்ளே விட்டால் குழைவாக ஏறி இறங்கும். அச்சுக்குள் உருகிய கண்ணாடியை விட்டு மேலிருந்து உலக்கைபோன்ற ஒன்றை இறக்கி அழுத்தியிருந்தால், வெளியே எத்தனை பூ வேலை இருந்தாலும் உள்ளே வழவழவென்று இருக்கும். இது அழுத்துக் கண்ணாடி. 1820களில் அமெரிக்காவில் வளர்ந்த இந்த முறைதான், பணக்கார வீடுகளில் மட்டும் இருந்த வேலைப்பாட்டைச் சாதாரண வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது.

கையால் பட்டை தீட்டிய கண்ணாடியையும் அழுத்துக் கண்ணாடியையும் பிரிப்பது விரல் நுனியின் வேலை. சக்கரத்தில் வெட்டிய பட்டையின் முனை நறுக்கென்று இருக்கும். அச்சில் வந்தது, பழைய சோப்புக் கட்டியின் முனைபோல மழுங்கியிருக்கும்.

குமிழைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உருகிய கண்ணாடியில் காற்று சிக்கினால் குமிழ் வரும். நேற்று அவசரத்தில் செய்த மலிவுப் பொருளிலும் வரும், வேண்டுமென்றே அழகுக்காகவும் விடுவார்கள். பழைய காலத்து நல்ல பட்டறைகள் குமிழ் இல்லாமல் செய்வதைப் பெருமையாக நினைத்தன. குமிழைப் பார்த்து வாங்குபவர்தான் அதிகம் ஏமாறுகிறார்.

பாண்டில் தழும்பும் அப்படியே. அது கையால் செய்தது என்று சொல்கிறது. கையால் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வெங்காயமும் சுங்குடியும்: அடுக்குக் கண்ணாடி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் போர்ட்லாந்து ஜாடி என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 2,000 வருஷத்துக்கு முந்தைய ரோமானியப் பொருள். கருநீலக் கண்ணாடி, அதன் மேல் வெள்ளை மனித உருவங்கள். வெள்ளை, பூசியதோ ஒட்டியதோ அல்ல. நீலக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடியை ஒரு தோலாக ஏற்றி, பிறகு வேண்டாத வெள்ளையை எல்லாம் செதுக்கி நீக்கியிருக்கிறார்கள். மெல்லியதாக விட்ட இடத்தில் உள்ளிருக்கும் நீலம் நிழல்போலக் கசிகிறது. இப்படி அடுக்கைச் செதுக்கி எடுப்பதற்குக் ‘கேமியோ’ என்று பேர். 1845இல் ஒருவன் அந்த ஜாடியை அடித்து நொறுக்கினான், பிறகு ஒட்டவைத்தார்கள்.

அந்த ஜாடியை அப்படியே மறுபடி செய்ய முடியுமா என்பது இங்கிலாந்துக் கண்ணாடிக்காரர்களுக்குப் பெரிய சவாலாக இருந்தது. ஸ்டூர்பிரிட்ஜ் பகுதியைச் சேர்ந்த ஜான் நார்த்வுட் மூன்று வருஷம் உட்கார்ந்து செதுக்கி, 1876இல் முடித்தார். ஒரே ஒரு ஜாடிக்கு மூன்று வருஷம். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய மகன் பின்னால் வருவார்.

கண்ணாடியில் அடுக்கு ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. சூடான ரசத்தைத் தடித்த கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் ‘டிக்’கென்று விரிசல் விடும். உள்பக்கம் சூட்டில் விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் விரியவில்லை. அந்த இழுபறியில் கண்ணாடி பிளக்கிறது. இரண்டு நிறக் கண்ணாடிகள் ஒரே அளவில் விரிந்து சுருங்காவிட்டால், ஆறும்போது அதே இழுபறி அடுக்குகளுக்கு நடுவே நடக்கும். அதனால்தான் செய்த பொருளைத் தனி அடுப்பில் வைத்து, மணிக்கணக்கில் சூட்டைப் படிப்படியாகக் குறைத்து ஆற்றுவார்கள். இதை ஆற்றுப்பதம் என்று சொல்லலாம்.

பிரான்சில் நான்சி நகரத்தில் எமில் காலே (1846–1904) இந்த வேலையை வேறு திசைக்குக் கொண்டுபோனார். அவர் தாவரவியல் படித்தவர். தன் பட்டறைக் கதவில் ‘என் வேர் காட்டின் ஆழத்தில் இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்துவைத்தவர். அவருடைய ஜாடிகளில் தும்பி, தாமரை, காட்டுக்கொடி, வாடி விழும் இதழ் எல்லாம் இரண்டு மூன்று நிற அடுக்குகளில் எழுகின்றன. செதுக்க உளியும் சக்கரமும் மட்டும் போதாது என்று அமிலத்தைப் பயன்படுத்தினார். அது எப்படி என்று புரிய மதுரைச் சுங்குடியை நினைத்துக்கொண்டால் போதும். சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. அதேபோல ஜாடியில் வேண்டிய உருவத்தை அமிலம் தொடாத மெழுகுபோன்ற பூச்சால் மூடிவிட்டு, கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் வைப்பார்கள். மூடாத இடம் கரைந்து இறங்கும். மூடிய இடம் மேடாக நிற்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் புதிதாக மூட வேண்டும்.

அசல் கேமியோவைப் பார்க்கும் வழி இதிலிருந்தே கிடைக்கிறது. நகத்தை மெல்ல ஓட்டினால் உருவத்தின் விளிம்பில் ஒரு படி இறங்கும். அடுக்கு முடிகிற இடத்தில், முக்கியமாக வாய் விளிம்பிலும் அடியிலும், வெட்டிய வெங்காயத்தில் தெரிவதுபோல நிறக் கோடுகள் பெரும்பாலும் தெரியும். இலையின் நடுநரம்பு ஒரு நிறத்திலும் ஓரம் அதன் வெளிறிய சாயலிலும் இருந்தால், அமிலம் அங்கே அளவு பார்த்து இறங்கியிருக்கிறது என்று பொருள். வண்ணம் பூசி, மேலே மங்கலாக்கிய மலிவு நகலில் இந்தப் படி இருக்காது.

காலே இறந்த பிறகும் பட்டறை ஓடியது. அதற்குப் பின் சில வருஷம் அவருடைய பேருக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம் சேர்த்தார்கள். இது அறிந்து வாங்குபவர்களுக்கு உதவும் அடையாளம். உதவாத அடையாளமும் உண்டு. பின்னாளில் ருமேனியாவில் காலே பாணி ஜாடிகளை நிறையச் செய்தார்கள். அவற்றில் காலே என்ற பேரோடு ‘டிப்’ என்ற சொல்லும் இருக்கும். ருமேனிய மொழியில் அதற்கு ‘வகை’ என்று பொருள். அதாவது காலே வகை. செய்தவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். இடையில் வந்த வியாபாரிகள் சிலர் அந்த ஒரு சொல்லை மட்டும் தேய்த்துவிட்டு விற்றார்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் காரணமில்லாமல் வழவழப்பாக இருந்தால், அங்கே என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டும்.

மழைத்தண்ணீரில் எண்ணெய்: மினுமினுப்பு

மழை பெய்த மறுநாள் ரோட்டோரத் தேக்கத்தில், வண்டியிலிருந்து சிந்திய எண்ணெய் வானவில்லாக மின்னுவதைப் பார்த்திருப்போம். எண்ணெய்க்கு அந்த நிறங்கள் எதுவும் கிடையாது. படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று வலுவாக்கும், சில அணைந்துவிடும். படலத்தின் தடிமனும் நாம் பார்க்கும் கோணமும் மாற மாற நிறமும் மாறும். இந்தப் படலம் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் போதும்.

பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ரோமானியக் கண்ணாடியில் இதே மினுமினுப்பு இயற்கையாக வந்திருக்கும்; மண்ணின் ஈரம் மேற்பரப்பைத் தின்று மெல்லிய ஏடுகளாக்கிவிடுவதால். அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் நியூயார்க்கின் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி (1848–1933). உலையிலிருந்து எடுத்த சூடு ஆறாத கண்ணாடியின் மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால், அது அங்கேயே உலோக ஆக்சைடுப் படலமாகப் படிந்துவிடும். 1894இல் ‘ஃபாவ்ரில்’ என்ற பேரை டிஃபனி தன் கண்ணாடிக்குப் பதிவுசெய்தார். பொன்னும் நீலமுமாக, மயிலிறகுக் கண்களை உள்ளே இழைத்த அவருடைய ஜாடிகளைப் பார்த்தால், இது கையால் ஆனதா, தானாக முளைத்ததா என்ற சந்தேகம் வரும்.

அதே காலத்தில் பொஹீமியாவின் லோட்ஸ் பட்டறையும் அதற்கு ஈடான மினுமினுப்பை உண்டாக்கியது. லோட்ஸ் பொருட்களில் நிறைய கையெழுத்தே இல்லாமல் போயின. டிஃபனி பேருக்கு விலை அதிகம் என்பதால், வெறும் அடியோடு வந்த லோட்ஸ் ஜாடிகளில் பிற்காலத்தில் டிஃபனியின் முதலெழுத்துகளைக் கீறியவர்கள் உண்டு. பொருள் அசல், பழசு, அருமையானது. கையெழுத்து மட்டும் பொய்.

இப்போது நார்த்வுட்டின் மகனுக்கு வருவோம். ஹாரி நார்த்வுட் 1881இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்பா ஒரு ஜாடிக்கு மூன்று வருஷம் செதுக்கியவர். மகன் மேற்கு வர்ஜீனியாவில் தொழிற்சாலை வைத்து, அச்சில் அழுத்தி, மேலே உலோக உப்பைத் தெளித்து, மினுமினுக்கும் தட்டும் கிண்ணமுமாக ஆயிரக்கணக்கில் இறக்கினார். 1907இல் ஃபென்டன் கம்பெனி தொடங்கிவைத்த வகை இது; அடுத்த வருஷமே நார்த்வுட்டும் இறங்கினார். டிஃபனி ஜாடி வாங்க முடியாத வீடுகளுக்குள் அந்த மினுமினுப்பு சில்லறைக் காசுக்குப் போனது. திருவிழாக் கடைகளில் பரிசாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சால், பிற்காலத்தில் அதற்குக் ‘கார்னிவல் கண்ணாடி’ என்று பேர் வந்தது. நார்த்வுட் பொருட்கள் பலவற்றின் நடுவே ஒரு வட்டம், அதற்குள் அடிக்கோடிட்ட ஆங்கில ‘என்’ இருக்கும்.

மகனுடைய வேலை அப்பாவுடையதைவிடத் தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அச்சை முதலில் இரும்பில் வெட்டியவனின் கையும் கைதான்.

இதைத் தொகுத்தால்: கேமியோவில் நிறம் அடுக்கில் இருக்கிறது, அதைச் செதுக்கி வெளிக்கொணர்கிறார்கள். மினுமினுப்பில் நிறம் மேலே படிந்த படலத்தில் இருக்கிறது. படலத்துக்கு அடியில் இருக்கும் கண்ணாடியின் உண்மை நிறத்தைப் பார்க்க வேண்டுமானால், தெளிப்பு படாத அடிப்பகுதியை வெளிச்சத்துக்குக் காட்ட வேண்டும்.

அந்த நான்கு எழுத்துகள்

பெரியம்மாவின் தம்ளரைக் கவிழ்த்தபோது நான் முதலில் பார்த்தது எழுத்தை அல்ல, நிறத்தை. செண்டுப்பூ நிறத் தம்ளரின் அடி, தண்ணீர்போல நிறமற்று இருந்தது. அப்படியானால் செம்மஞ்சள் மேலே படிந்த தோல்தான். இரும்பு உப்பு தெளித்தால் வரும் நிறம் அது. பக்கவாட்டில் விரல் ஓட்டினேன்: கொலு பொம்மையின் வரம்பு. உள்ளே விரல் விட்டேன்: வழவழப்பு. அழுத்துக் கண்ணாடி, மேலே மினுமினுப்பு. ஆக, கார்னிவல் வகை. அதன் பிறகுதான் எழுத்துகளைப் படித்தேன்: ஜே, ஏ, ஐ, என். ஜெயின்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை, அமெரிக்காவில் அந்த மோகம் அடங்கிய பிறகு, கார்னிவல் வகை ஜக்குகளையும் தம்ளர்களையும் பூச்சாடிகளையும் செய்தது. கை வடிவச் சாடிகளுக்காக இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியக் கார்னிவலைத் தேடுகிறார்கள்.

பெரியம்மாவிடம் தயக்கத்தோடுதான் சொன்னேன், பெல்ஜியம் இல்லை, ஃபிரோசாபாத் என்று. “வளையல் வருமே, அந்த ஊரா?” என்றார். அதே ஊர்தான். “அப்ப நம்ம ஊருதான்” என்று சொல்லிவிட்டுத் தம்ளரை வாங்கித் தன் முந்தானையால் இன்னொரு முறை துடைத்தார்.

செட்டிநாட்டு வீடுகளுக்குப் பெல்ஜியத்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கண்ணாடியும் விளக்கும் வந்தது உண்மைதான். பெல்ஜியத்தில் 1826இல் தொடங்கிய வால் சான் லாம்பேர் போன்ற பெரிய பட்டறைகளும் இருந்தன. ஆனால் காலப்போக்கில் ‘பெல்ஜியம்’ என்பது நம் பேச்சில் ‘உசத்தி’ என்பதற்கு இன்னொரு சொல்லாகிவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், அதை ஊர்ப்பேராக எடுத்துக்கொள்ளாமல் பாராட்டாக எடுத்துக்கொண்டு, பொருளைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

பேரைக் கடைசியில் படிக்க வேண்டும்

கையெழுத்தை ஏன் முதலில் பார்க்கக் கூடாது என்றால், பொருளில் மிகச் சுலபமாகச் சேர்க்கக் கூடியது அதுதான். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் உயிரோடு இருந்தவரை, அதாவது 1945 வரை, அவருடைய கண்ணாடியில் பேருக்கு முன்னால் ‘ஆர்’ என்ற முதலெழுத்து உண்டு. அவருக்குப் பின் அது கிடையாது. இந்த ஒரு விவரம் தெரிந்தவர்கள் அதிகமானதும், புதிய பொருளில் அந்த ஓர் எழுத்தைச் சேர்ப்பவர்களும் வந்துவிட்டார்கள்.

தேய்மானத்தைச் சேர்ப்பது அதைவிடக் கடினம். பழைய வீட்டு வாசற்படி நடுவில் தேய்ந்திருக்கும், ஓரத்தில் தேய்ந்திருக்காது. கால் பட்ட இடம்தான் தேயும். ஜாடியின் அடியும் அப்படித்தான். அலமாரிப் பலகையைத் தொட்ட விளிம்பில் மட்டும், வெவ்வேறு திசையில், சில ஆழமாகச் சில மேலோட்டமாகப் பொடிக் கீறல்கள் இருக்கும். நடுக்குழி புதிதுபோல இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த போலித் தேய்மானத்தில் கீறல்கள் ஒரே திசையில், தொடவே முடியாத குழிக்குள்ளும் இருக்கும். பத்து மடங்கு காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும் இதைப் பார்க்க. ஆனால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரும் தொடாமல் வைத்திருந்த அசல் பொருளில் தேய்மானமே இல்லாமலும் இருக்கலாம். அதனால் இதையும் மற்றவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் தூக்கிக் கனம் பார்ப்பேன். பிறகு கவிழ்த்து, தொப்புளா வரம்பா என்று தேடுவேன். உள்ளே விரல் விடுவேன். வாய் விளிம்பை ஓரமாகப் பார்த்து, நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறதா, அடுக்கில் இருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா என்று தீர்மானிப்பேன். அடியின் தேய்மானத்தை லென்ஸில் பார்ப்பேன். இத்தனைக்கும் பிறகு பேர் இருந்தால் படிப்பேன். முன்னால் கிடைத்த பதில்களோடு பேர் ஒத்துப்போக வேண்டும். டிஃபனி என்று எழுதியிருந்து, பக்கவாட்டில் அச்சு வரம்பு ஓடினால், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் ஜாடியைத் திருப்பி வைத்துவிடுவேன்.

வீட்டில் இருப்பதைக் காப்பாற்ற

நம் வீடுகளில் பழைய கண்ணாடிக்கு அதிகக் கேடு செய்வது பாசம்தான். விசேஷம் வந்தால் பித்தளையோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். மினுமினுப்பு என்பது ஒரு படலம் மட்டுமே என்று மேலே பார்த்தோம். புளிப்பும் பாத்திரம் துலக்கும் பொடியும் அந்தப் படலத்தை மெல்ல எடுத்துவிடும், போனால் வராது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பருத்தித் துணி. சிங்க்கின் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு உடனே வெந்நீர் ஊற்றக் கூடாது. ரசத் தம்ளர் கதைதான் நடக்கும். பூச்சாடியில் தண்ணீரை நாள்கணக்கில் விட்டால் உள்ளே வெள்ளைப் படலம் கட்டும். அதில் கண்ணாடியே அரித்துப்போன பகுதி எந்தக் கழுவலிலும் போகாது.

பெரியம்மாவின் ஜக்கில் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மங்கிப்போய், நிறமற்ற வெறும் கண்ணாடியாகத் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் செண்டுப்பூ. அந்த இடத்தில் என் வலக்கையை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. பானகம் ஊற்றும்போது கனத்துக்கு ஜக்கை அடியில் தாங்கிப் பிடிக்கும் இடம் அது.